பபூன் திரைக்கு வந்தபோது

சேலம், நாமக்கல் வட்டாரத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ற கோமாளிக்கு ஒரு சலுகை உண்டு. ராஜா வேஷக்காரரை அவர் முகத்துக்கு நேரே கேலி செய்யலாம். புராணக் கதைக்கு நடுவே உள்ளூர் வழக்கை இழுத்துப் பேசலாம். நடிகர்கள் அந்தந்த இரவுக்கென்று ஒன்றுகூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் அந்தச் சலுகை கோமாளியான பபூனுக்குக் கிடைத்தது. ராஜபார்ட்டுக்குப் பாட்டும் வசனமும் பாடம். பபூனுக்கோ அன்றைய கூட்டம்தான் பாடம். பேசும்படம் வந்தபின் இந்தச் சலுகை என்னவாயிற்று என்பதுதான் தமிழ்த் திரை நகைச்சுவையைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மேடையிலிருந்து திரைக்கு நடந்த அந்த மாற்றத்தின் பட்டறை பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழு. சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, வாத்தியாரின் பிரம்புக்கு அஞ்சிப் பாடம் பண்ணினார்கள். கோவலன் நாடகத்தில் காளி வேஷம் கட்டிப் பெயரோடு காளியையும் சேர்த்துக்கொண்ட காளி என். ரத்னம் அப்படிப்பட்ட வாத்தியார், எம்.ஜி.ஆரும் அவரிடம் பயின்றவர். 1941-இல் வந்த ‘சபாபதி’யில் அசட்டு வேலைக்காரனாக ரத்னம் பேசும் பேச்சில் மேடையின் நேரக்கணக்கு அப்படியே இருக்கிறது. எஜமானர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வது, பதில் சொல்லுமுன் ஒரு கணம் விழிப்பது, கூட்டம் சிரித்து ஓயும்வரை பொறுப்பது.

இந்த வரிசையில் மிக நீண்ட தூரம் நடந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். 1908 நவம்பர் 29-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன். வில்லுப்பாட்டு அவர் மண்ணின் கலை. டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்தபின் ‘தேசபக்தி’ நாடகத்தில் காந்தியின் கதையையே வில்லுப்பாட்டாகப் பாடினார். 1935-இல் அந்தச் சகோதரர்களின் ‘மேனகா’வும், 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கனின் ‘சதி லீலாவதி’யும் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தன.

அவரை ‘இந்தியாவின் சார்லி சாப்ளின்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இருவரும் மேடைக்குழுவில் தேர்ந்தவர்கள் என்பது சரி. ஆனால் பிரெட் கார்னோ குழுவிலிருந்து சாப்ளின் படத்துக்குப் போன 1914-இல் படம் பேசவில்லை. உடம்புதான் அவருக்கு மொழி. தமிழ்ப் படமோ 1931-இல் ‘காளிதாஸ்’ வந்தபோதே வாய் திறந்துவிட்டது. நம் கோமாளிகள் திரைக்குக் கொண்டுபோன முதல் நாக்குதான்.

ஒருமுறை பதிவானால் மாற்ற முடியாத படச்சுருளில் பபூனின் சலுகையை எப்படிக் காப்பது? கிருஷ்ணன் கண்ட வழி எளியது. நகைச்சுவைப் பகுதியைத் தம் குழுவை வைத்துத் தனியாகவே எழுதி, ஒத்திகை பார்த்து, மூலக்கதையோடு இணைத்தார். அவர் மனைவியும் நடிகையுமான டி.ஏ. மதுரம் அந்தத் தனி ராஜ்யத்தின் சரிபாதி. கதாநாயகன் புராணத்தில் இருக்கும்போது இவர்கள் இருவரும் மூடநம்பிக்கையைப் பற்றியும் குடியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். கதையோடு ஒட்டாத காமெடி என்று பின்னாளில் பழிக்கப்பட்ட வழக்கத்துக்கு இதுவும் ஒரு தொடக்கம். ஆனால் அவர் கையில் அந்த ஒட்டாமைதான் சுதந்திரம்.

1944-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு அவரைச் சிறைக்கு அனுப்பியது. பிரிவி கவுன்சில்வரை போன வழக்கில் 1947-இல் விடுதலையானார். இரண்டே ஆண்டில், அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’யில், நந்தனார் கதாகாலட்சேபத்தைத் தலைகீழாக்கிக் ‘கிந்தனார்’ நிகழ்த்தினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் படித்து அதிகாரியாகத் திரும்பும் கதை. பக்திக்கென்று இருந்த வடிவத்தைக் கல்விக்குத் திருப்பியது பழைய பபூன் வேலையேதான். 1952-இல் சிவாஜி கணேசன் நடித்த ‘பணம்’ படத்தை இயக்கினார். 1957 ஆகஸ்ட் 30-இல் காலமானார்.

அவரைப் பற்றிய எழுத்தில் வள்ளல் குணமும் வழக்கும் பெரும்பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கம்பெனி வாழ்க்கைக்கு டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யும், மேடைக்கும் அரசியலுக்கும் உள்ள உறவுக்குத் தியடோர் பாஸ்கரனின் ஆய்வுகளும் துணை நிற்கின்றன. தொழில்நுணுக்கத்தைப் பற்றிய அலசல்தான் மெலிந்திருக்கிறது. ஆரம்பகாலப் படங்களில் பலவற்றுக்கு இன்று பிரதியே இல்லை. மேடையில் அன்றன்றைக்குப் பேசியதும் காற்றோடு போயிற்று. மிஞ்சிய படங்களில் மேடையைத் தேட வேண்டுமானால், ‘சபாபதி’யையும் ‘கிந்தனார்’ பகுதியையும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.