பக்கவாத்தியத்தின் இடப்பெயர்ச்சி: ‘சக்தி’ குழுவின் 1975ஆம் ஆண்டு அரங்க ஒலிப்பதிவு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

1975 சூலை 5 அன்று நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டிலுள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ‘சக்தி’ குழு நிகழ்த்திய இசையரங்கம், மறு ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. ‘கலப்பிசை’ என்ற பெயரால் மட்டுமே பேசப்படும் இவ்வொலிப்பதிவைத் தமிழ் இசைமரபின் கருவிக்குழு அமைப்பு என்னும் நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது. பக்கவாத்தியம் என்னும் நிலை இதில் எவ்வாறு மாறுகிறது, அம்மாற்றத்தின் பொருட்டு இழக்கப்பட்டது யாது என்பன ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சக்தி, அரங்க ஒலிப்பதிவு, பக்கவாத்தியம், கடம், அரங்கேற்று காதை, வழிநிற்றல்.

முன்னுரை

1960களின் இறுதியில் மேலைநாட்டில் உருவான புரோகிரசிவ் ராக் இசை, மூன்று நிமிடப் பாடல் என்னும் வரையறையைக் கடந்தது. நீண்ட உருப்படிகளும் சிக்கலான தாளக் கணக்குகளும் செவ்விசைக் கட்டமைப்பும் அதன் இயல்புகளாயின. அவ்விசைக்கும் ஜாஸ் இசைக்கும் இடைப்பட்ட எல்லையில் நின்றது, ஜான் மக்லாஃப்லின் 1971இல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. மின்கிதாரும் பேரோசையும் கொண்ட அக்குழுவிலிருந்து முற்றிலும் வேறுபட்ட ஒலியுலகை நாடி அவர் அமைத்ததே சக்தி. வயலினில் எல். சங்கர், தபேலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் டி.எச். விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் வி. ராகவன் ஆகியோர் 1975 அரங்கில் அவருடன் இசைத்தனர். ஐவருள் மூவர் தென்னிந்திய மரபினர். ஆயினும் இவ்வொலிப்பதிவு ஜாஸ் வரலாற்றில் பெற்ற இடத்தைத் தமிழ் இசையாய்வில் பெறவில்லை.

ஆய்வுப் பின்புலம்

இவ்வரங்கின் வேர்களுள் ஒன்று அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் உள்ளது. மக்லாஃப்லின் அங்கே எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் இராமநாதன். ராகவன் அங்கு மிருதங்கம் கற்பித்தவர். இளமையை யாழ்ப்பாணத்தில் கழித்த சங்கர், தென்னிந்திய வாய்ப்பாட்டிற்கு வயலின் பக்கம் வாசிக்கும் கலையைப் பற்றி 1974இல் வெஸ்லியனில் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டை அளித்தார்.

இச்செய்தி திறனாய்வுக்கு இன்றியமையாதது. பாடகரைப் பின்தொடர்தல், இடைவெளியை நிரப்புதல், தன்னை அடக்கிக்கொள்ளுதல் ஆகிய பக்கவாத்திய நெறிகளை ஆய்வுப் பொருளாகக் கொண்ட ஒருவர், மறு ஆண்டிலேயே பாடகரே இல்லாத மேடையில் அமர்ந்தார். எனவே சக்தியின் வயலினை மரபறியாத துணிவு எனக் கொள்ள இயலாது. மரபை முழுதும் அறிந்த ஒருவர் அதன் ஓர் உறுப்பை மாற்றி அமைத்துப் பார்த்த சோதனை அது.

ஒலிப்பதிவின் அமைப்பு

இசைத்தட்டில் மூன்று உருப்படிகளே உள்ளன. முதற்பக்கத்தில் ஏறத்தாழ 18 நிமிடம் நீளும் ‘ஜாய்’, ஐந்து நிமிடத்திற்கும் குறைவான ‘லோட்டஸ் ஃபீட்’ ஆகியன இடம்பெறுகின்றன. இறைவன் திருவடியில் ஆடும் பேரின்பத்தைக் குறிக்கும் மிக நீண்ட தலைப்புடைய மூன்றாம் உருப்படி, ஏறத்தாழ 29 நிமிடம் ஒலித்து மறுபக்கம் முழுவதையும் நிரப்புகிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நேரம் கூடக்கூட வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலியின் வலிமை குறையும். அவ்விழப்பைப் பொருட்படுத்தாது ஒரே உருப்படிக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது. கச்சேரியில் ஓர் இராகம் தானம் பல்லவி வேண்டும் கால அளவை ஒத்த நீட்சியை இதனால் இசைத்தட்டு பெறுகிறது. குழுவின் அடுத்த இரு தட்டுகளான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ (1976), ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ (1977) ஆகியன ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவை. அவையோரின் கைதட்டலும் வாசிப்பின் நெடிய ஓட்டமும் சேர்ந்து பதிவானது முதல் தட்டில்தான்.

கடத்தின் புதிய இடம்

இன்றைய கச்சேரி அமைப்பில் கடம் உபபக்கவாத்தியம் ஆகும். தனியாவர்த்தனத்தில் மிருதங்கம் முன்செல்ல, கடம் அதற்கு விடையளிக்கும். சென்னைச் சபாக்களிலும் தாம்பரம், செம்பாக்கம் போன்ற புறநகர்க் கோயில் விழாக் கச்சேரிகளிலும் ‘தனி’ தொடங்கியதும் அவையோரில் சிலர் எழுந்து செல்வதைக் காணலாம். தாளக்கருவிகளுக்கு அளிக்கப்படும் இடத்தையும் மதிப்பையும் இவ்வழக்கமே காட்டிவிடுகிறது.

சக்தியின் அரங்கில் இவ்வரிசை குலைகிறது. தபேலாவும் கடமும் ஒத்த நிலையில் உரையாடுகின்றன. வட இந்தியக் கருவி ஒன்று எதிரே அமர்ந்தமையால், மிருதங்கத்திற்கு அடுத்தது என்னும் படிநிலையில் மட்டும் கடத்தை வைத்துக் கேட்க இயலவில்லை. ‘ஜாய்’ உருப்படியில் கிதாரும் வயலினும் மின்னல் விரைவில் ஒன்றாய் இசைக்கும் சொற்கட்டுகளுக்குத் தாளக்கருவிகள் வெறும் காலக்கணக்கைக் காட்டி நிற்பதில்லை. அச்சொற்கட்டின் வடிவத்தையே தாமும் வாசிக்கின்றன. இன்னிசையே தாளக் கோவையாக இயற்றப்பட்டிருப்பதால் முதன்மைக் கருவி, பக்கக்கருவி என்னும் பகுப்பு இங்குப் பொருளிழக்கிறது. ராகவன் விலகிய பின்னும் மிருதங்கத்திற்கெனத் தனிக் கலைஞர் இன்றியே குழு தொடர்ந்து இயங்கியமை இம்மாற்றத்தை உறுதிப்படுத்தும்.

வழிநிற்றலும் எதிர்நிற்றலும்

வாய்ப்பாட்டை நடுவாகக் கொள்ளாத கருவிக்குழு தமிழ் மரபிற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும் நின்று, இறுதியில் ஆமந்திரிகையும் கூடி இசைத்தமை கூறப்படுகிறது. இளங்கோவடிகள் கருவிகளின் உறவை ‘வழிநிற்றல்’ என்னும் கருத்தால் விளக்குகிறார். சக்தியின் அமைப்பு இதிலிருந்து நேரே பிறந்தது எனக் கூறுவதற்கு ஆதாரமில்லை. எனினும் அதனை மதிப்பிட இக்கருத்து தக்க அளவுகோலாகும்.

அவ்வளவுகோலால் நோக்கின் நெடிய இரு உருப்படிகளில் மேலோங்குவது வழிநிற்றல் அன்று, எதிர்நிற்றல். ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கி, இன்னும் விரைவாகவும் சிக்கலாகவும் திருப்பித் தருகிறார். அவையின் ஆரவாரம் இவ்விரைவுக்கு ஊக்கமளிக்கிறது. ஆயின் ஒரு கட்டத்தில் விரைவே பொருளாகிவிடுகிறது. சுரங்களுக்கிடையே கமகம் நின்று அசைவதற்கு இடமில்லை. பாடலின் சொற்பொருள் இல்லாத மேடையில், அவ்வெற்றிடத்தைக் கணக்கின் வியப்பு நிரப்புகிறது. சமநிலை பெற்ற கருவிகள் அதற்கு ஈடாக இழந்தது இந்நிதானத்தையே.

இதற்கு மாற்றாக அமைவது ‘லோட்டஸ் ஃபீட்’. தட்டின் மிகச் சிறிய உருப்படியான இதில் போட்டி இல்லை. மெல்லிய இன்னிசை ஒன்றைக் கருவிகள் ஒன்றன் நிழலில் ஒன்றாய்த் தாங்கிச் செல்கின்றன. இதே மெட்டை மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 1976ஆம் ஆண்டுத் தட்டான ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ மின்னொலிக் கருவிகளுடன் தருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், மெட்டின் அமைதி சக்தியின் நரம்புகளில்தான் நிலைகொள்கிறது என்பதை உணர்வர். கருவிகள் சமநிலை பெறுவதற்குப் போட்டி கட்டாயமன்று என்பதற்கு இத்தட்டே தன்னுள் சான்று வைத்திருக்கிறது.

முடிவுரை

சக்தியின் 1975 ஒலிப்பதிவு, பக்கவாத்தியம் என்பது கருவியின் இயல்பன்று, அரங்கம் வகுத்த இடமே என்பதை மெய்ப்பிக்கிறது. அவ்விடம் மாறும்போது கருவியின் பேச்சும் மாறுகிறது. பிற்காலத்தில் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவுடன் இக்குழுவின் தொடர்ச்சியில் முதன்மைக் கலைஞராக விளங்கியதும் இவ்வரங்கு திறந்த வழியிலேயே ஆகும். அதேவேளை, விடுதலை பெற்ற கருவி விரைவுக்கு அடிமையாகும் இடரையும் இப்பதிவு மறைக்கவில்லை. சிலப்பதிகார உரைகளின் துணைகொண்டு பழைய கருவிக்குழுவை ஆராய்வோர், கருவிகள் வழிநின்றும் எதிர்நின்றும் இசைத்த இந்த ஏறத்தாழ 52 நிமிடப் பதிவையும் தம் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் தகும். ஏட்டில் சொல்லாக மட்டும் எஞ்சியுள்ள உறவு ஒன்றை, ஓர் அரங்கில் செவியால் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை அது அளிக்கிறது.