இரு விண்கலங்களும் ஒரு கண்ணாடிச் சுவரும்

விஞ்ஞானச் சிறுகதைகளை எதிர்காலம் பற்றிய ஆரூடங்களாகக் கொள்வது ஒரு வாசிப்பு முறை. எழுதப்பட்ட காலத்தின் பிரதிபலிப்பாகக் கொள்வது மற்றொன்று. இவற்றுள் பின்னையதே ஆழமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கும் எல்லையுண்டு என்பதை இரு கதைகள் உணர்த்துகின்றன. ஒன்று, மரே லெயின்ஸ்ரர் என்ற புனைபெயர் பூண்ட ஐக்கிய அமெரிக்க எழுத்தாளர் 1945இல் வெளியிட்ட ‘முதற் சந்திப்பு’. மற்றையது, அதற்கு மறுப்பாகச் சோவியத் தொல்லுயிரியலாளர் இவான் யெப்ரெமோவ் படைத்து, 1959இல் வெளிவந்த ‘பாம்பின் இதயம்’.

லெயின்ஸ்ரரின் கதையில், நண்டு நெபுலாவில் மனிதரின் கலமும் வேற்றினத்தார் கலமும் எதிர்ப்படுகின்றன. எவர் முதலிற் புறப்பட்டாலும் மற்றவர் பின்தொடர்ந்து தாயகத்தைக் கண்டறியக்கூடும். நட்பை விரும்பியும் நம்ப இயலாத இவ்விக்கட்டுக்கு, கலங்களை மாற்றிக்கொள்வதே தீர்வாகின்றது. யெப்ரெமோவின் விண்வெளியாளரோ இப்பழைய கதையை வாசித்து விவாதிக்கின்றனர். விண்மீன்களிடையே பயணிக்கும் ஆற்றல் போரை ஒழித்த சமுதாயத்துக்கே கைகூடும் என்பதும், லெயின்ஸ்ரரின் அச்சம் அவரது சமுதாயத்தின் அச்சமே என்பதும் அவர்களின் முடிபு.

இத்தீர்ப்பை அப்படியே ஏற்று, ஒன்றை முதலாளித்துவத்தின் ஐயமாகவும் மற்றதைச் சமவுடைமையின் நம்பிக்கையாகவும் வகுத்துவிடுதல் எளிது. ஆனால் ‘முதற் சந்திப்பு’ அச்சேறியது 1945 மே மாதத்தில். ஹிரோஷிமாவுக்கு முன்னர், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஓரணியில் நின்ற வேளையில். அதனைக் கெடுபிடிப் போரின் எதிரொலி என்பது காலவழுவாகும். அன்றியும், அக்கதை அச்சத்தோடு நின்றுவிடவில்லை. ஈரினத்து இளைஞர் இருவர் பேச்சுவார்த்தையின் இடையே கொச்சை நகைச்சுவைகளைப் பரிமாறித் தோழராகின்றனர்.

யெப்ரெமோவின் சந்திப்பில் ஐயத்துக்கு இடமில்லை. அதனாற் கதையின் முற்பகுதி விரிவுரையாகத் தளர்கின்றது. அதனை மீண்டும் கலையாக்குவது ஒரு தடையே. வேற்றினத்தார் சுவாசிப்பது புளோரீன். ஒருவரின் காற்று மற்றவர்க்கு நஞ்சாதலால், ஒளிபுகும் சுவரின் இருமருங்கும் நின்றே அவர்கள் உறவாட நேர்கின்றது. பேரண்டத்தில் தனித்துப்போன அவ்வினத்தின் மீது இரங்கிய பெண் உயிரியலாளர், அவர்தம் ஏனைய இயல்புகளைப் பேணியவாறே, மரபியல் மாற்றத்தால் அவர்களை ஒட்சிசனைச் சுவாசிப்போராக்கலாம் எனச் சைகைகளாலும் படங்களாலும் உணர்த்துகின்றார். அவர்களும் மகிழ்கின்றனர்.

காலப் பிரதிபலிப்பை மட்டும் தேடும் வாசிப்பு தவறவிடுவது இவ்விடத்தையே. முன்மொழிவு அன்பிற் பிறந்ததுதான். சிறுபான்மையான அவ்வுயிரினத்தின் துயரும் மெய்யானதுதான். எனினும் மாறவேண்டியவர் எவர் என்ற வினா அங்கு எழுப்பப்படவேயில்லை. பெரும்பான்மையின் காற்றே இயல்பான காற்றாகின்றது. மாறாக, ஐயத்தில் தொடங்கிய லெயின்ஸ்ரரின் கதையில் எவரும் தம் உடலை மாற்றவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் கலத்தை இயக்கக் கற்று, அதிலேயே வீடு திரும்புகின்றனர்.

நம்பிக்கையே உயர்ந்தது என்ற யெப்ரெமோவின் கோட்பாடு இதனாற் பொய்யாகிவிடாது. ஆயின் ஒரு கதையின் மானிடநேயத்தை அதன் பாத்திரங்களது பிரகடனங்களைக் கொண்டு அளத்தல் போதாது. சுவரை நீக்குதற்கான விலையை அக்கதை எவரிடம் கேட்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.