மன்னார்க் கரையும் சுட்டியின் ஆயுளும்: நுண்ணாளிகள் பற்றிய ஒரு விமர்சனம்

கணினிச் சுட்டியின் பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது அது இருமுறை அழுத்தப்பட்டதாகப் பதிவாகும் கோளாறு எல்லா நாடுகளிலும் காணப்படுவதேயாயினும், நாற்புறமும் உப்புக்காற்று வீசும் மன்னார்த் தீவில் அது தனித்து ஆராயத்தக்கது. பேசாலை முதல் தலைமன்னார் வரை பாடசாலைக் கணினிக் கூடங்களிலும், அலுவலகங்களிலும், விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் நாள் முழுவதும் உழைக்கும் கருவி இது. அது பிழைபடும்போது கோப்பு தவறான உறையினுள் நழுவி விழுகிறது. தெரிவுசெய்த வரி பாதியில் விடுபடுகிறது. ஒரே விண்ணப்பம் இருமுறை அனுப்பப்படவும் கூடும். சுட்டி வாங்குவோர் பெட்டியில் அச்சிட்ட சொடுக்கு எண்ணிக்கையையே தரத்தின் அளவாகக் கொள்கின்றனர். கடற்கரையில் முதலில் கேட்கவேண்டியதோ, பொத்தானின் கீழுள்ள மின்தொடுகை காற்றுக்குத் திறந்திருக்கிறதா என்பதாகும்.

உள்ளே இருப்பது

சாதாரணக் கம்பிச் சுட்டியொன்றின் அடிப்பகுதியில் ஒட்டப்பட்ட தாளை உரித்துத் திருகாணியைக் கழற்றினால், இடப் பொத்தானுக்கும் வலப் பொத்தானுக்கும் கீழே ஒவ்வொரு சிறு பெட்டி தென்படும். மைக்ரோ சுவிச் எனப்படும் நுண்ணாளி இதுவே. 1930களில் அமெரிக்கரான பீட்டர் மெக்கோல் வடிவமைத்த பொறிமுறையின் வழிவந்த இந்த ஆளி, பரவலாகப் பயன்படும் ஒம்ரோன் நிறுவனத்தின் டி2எஃப் வரிசையில் 12.8 மில்லிமீற்றர் நீளமும் 5.8 மில்லிமீற்றர் அகலமும் மட்டுமே உடையது. அதன் மூடியை ஊசிமுனையால் நெம்பி அகற்றினால், வளைந்த நாக்குடன் கூடிய மெல்லிய செப்புக் கலப்புலோகத் தகடும், அதன் நுனியில் குண்டூசித் தலையினும் சிறிய தொடுகைப் புள்ளியும் காணப்படும். பொத்தானை அழுத்தும்போது தகடு ஓர் எல்லைவரை வளைந்து, பின் திடீரெனத் தாவி எதிர்ப் புள்ளியில் மோதுகிறது. "டிக்" என்ற ஒலியும் அப்போதே எழுகிறது.

மோதிய தகடு உடனே அமைதியடைவதில்லை. சில மில்லிசெக்கன் நேரம் அது துள்ளித் துள்ளித் தொடுவதால் மின்னோட்டம் பலமுறை அறுந்து இணைகிறது; இதனைத் தொடுகைத் துள்ளல் என்பர். சுட்டியினுள் இருக்கும் சில்லு, முதல் சைகை கிடைத்தபின் ஒரு சிறு இடைவேளைக்குள் வருவனவற்றைப் புறக்கணித்து இத்துள்ளலை மறைத்துவிடுகிறது. தகடு களைப்புற்று இழுவிசையை இழந்தாலும், தொடுகைப் புள்ளியில் அழுக்குப் படலம் படிந்தாலும் துள்ளல் அந்த இடைவேளையைக் கடந்து நீள்கிறது; அவ்வேளை ஒரு சொடுக்கு இரண்டாகிறது.

உப்புக்காற்றின் பங்கு

தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகளே அங்கு வீசும் காற்றின் வலிமைக்குச் சான்று. அலைநுரையிலிருந்து எழும் உப்புத்துகள்களையும் இக்காற்று வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. சோடியங் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைக் கடந்ததும் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது; கடலுப்பில் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டோ 33 வீத அளவிலேயே இளகத் தொடங்குகிறது. உப்பளத்தில் குவித்த புத்துப்பு ஈரம் கசிவதற்குக் காரணமான பொருளும் இதுவே. ஆகவே, ஆளியினுள் புகுந்த உப்புத்துகள் உலர்ந்த தூசியாகக் கிடப்பதில்லை. மின்னைக் கடத்தும் ஈரப்படலமாகித் தகட்டை அரிக்கிறது. தொடுகைப் புள்ளி வெள்ளியாயின் அதன்மீது வெள்ளிக் குளோரைட்டுப் படலமும், சேற்றுநிலங்களிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு வாயுவால் கரிய வெள்ளிச் சல்பைட்டும் படியக்கூடும். டி2எஃப் வகையின் பொதுவான ஆளிகள் ஐபி40 தரத்தவை. பெருந்துகள்களைத் தடுக்கும் அவை ஈரத்தையோ நுண்தூசியையோ தடுப்பதற்கென அமைந்தவை அல்ல.

இதனோடு மற்றொரு காரணமும் சேர்கிறது. படலத்தைத் துளைத்துத் தொடுகையைத் துப்புரவாக வைத்திருக்க, ஆளியினூடே ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் பாயவேண்டும். சுட்டிகளுக்கென்றே வந்த டி2எஃப்சி ஆளி 6 வோல்ற்று, 1 மில்லியம்பியர் என்ற அளவில் தரப்படுத்தப்பட்டது. மின்கல ஆயுளை நீட்டவேண்டிய கம்பியில்லாச் சுட்டிகளில் பொதுவாக இதனினும் மிகக் குறைந்த மின்னே செலுத்தப்படுவதால், படிந்த படலம் படிந்தபடியே நிலைக்கிறது.

எண்ணிக்கையும் மென்பொருளும்

ஒரு கோடிச் சொடுக்குத் தரமுடைய ஆளி, நாளொன்றுக்கு 5,000 சொடுக்கு வீதம் 2,000 நாள், அதாவது ஐந்தரை ஆண்டு உழைக்கவேண்டும். ஆனால் அந்த எண் கட்டுப்படுத்தப்பட்ட சோதனைச் சூழலில் தகட்டின் களைப்பை அளப்பது. உப்பின் அரிப்பை அது அளப்பதில்லை. இரண்டு கோடி, ஐந்து கோடி என எண் உயர்ந்தாலும் தொடுகை திறந்தே இருக்குமாயின் கரையோரப் பயனருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அதே அளவில் உயர்ந்துவிடாது.

விண்டோஸில் இரட்டைச் சொடுக்கு வேகத்தை மாற்றினால் கோளாறு தீரும் என்ற நம்பிக்கையும் பிழையானது. அந்த அமைப்பின் இயல்பளவு 500 மில்லிசெக்கன். மிக விரைவான நிலையிலும் அது 200 மில்லிசெக்கனே. பழுதான ஆளியின் போலிச் சொடுக்கோ பெரும்பாலும் சில பத்து மில்லிசெக்கனுக்குள் வந்துவிடுவதால் எந்த நிலையிலும் அது இரட்டைச் சொடுக்காகவே கொள்ளப்படும். மிகக் குறுகிய இடைவெளியில் வரும் சொடுக்குகளை வடிகட்டும் மென்பொருள்கள் பயன் தருகின்றன. லினக்ஸின் லிப்இன்புட் அத்தகைய வடிகட்டலைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. எனினும் இவை நோயின் அறிகுறியை மறைப்பனவேயன்றி நோயைத் தீர்ப்பன அல்ல.

எதை வாங்கலாம்

லொஜிடெக் பி100 போன்ற கம்பிச் சுட்டிகள் விலை குறைந்தவை, கணினியிலிருந்தே மின் பெறுபவை, எளிதில் திறக்கத்தக்கவை. ஒற்றை மின்கலத்தில் ஓராண்டு இயங்குமெனக் கூறப்படும் எம்185 போன்ற கம்பியில்லாச் சுட்டிகள் வசதியில் சிறந்தவையாயினும், மின்சிக்கனமே தொடுகைக்கு எதிராக அமையக்கூடிய வகை இது. மூன்றாவது வகை ஒளியாளி உடையது: பொத்தானை அழுத்தும்போது ஒரு செந்நிறக்கீழ்க் கதிரின் பாதை மாறுவதை ஒளியுணரி கண்டறிகிறது, சைகையைத் தரும் உலோகத் தொடுகை இல்லாமையால் அரிப்பதற்கோ துள்ளுவதற்கோ அங்கு இடமில்லை. 2019இல் வந்த ரேசர் வைப்பர் ஏழு கோடிச் சொடுக்குத் தரத்துடன் இம்முறையைப் பரவலாக்கியது. 2022இல் வந்த லொஜிடெக் ஜி502 எக்ஸ் பொறிமுறை ஆளியின் தொடுவுணர்வையும் ஒளியின் சைகையையும் இணைத்தது. விலை அதிகம் என்பதும், உருளையின் கீழுள்ள பகுதி பல சுட்டிகளில் இன்றும் உலோகத் தொடுகையையே நம்பியுள்ளது என்பதும் இவ்வகையின் குறைகள். அசுஸ் ரோக் கிளேடியஸ் வரிசையில் ஆளியைச் சாமணத்தால் பிடுங்கிப் புதியதைச் செருகலாம்; பழுதுபார்க்கும் நோக்கில் இதுவே மெச்சத்தக்க வடிவமைப்பு.

ஏற்கெனவே பழுதான சுட்டியை எறிந்துவிடத் தேவையில்லை. மூன்று கால்களையுடைய ஆளியைக் கழற்றிப் புதியதைப் பற்றாசு வைப்பது, இலத்திரனியல் திருத்துநர் எவரும் செய்யக்கூடிய சிறு வேலை. புதிய ஆளி கிடைக்காதபோது, குறைவாக உழைத்த வலப்பக்க ஆளியை இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் கழுவுவது தற்காலிகத் தீர்வே.

மன்னார்க் கரையில் நாள் முழுதும் சுட்டியோடு தொழில் செய்வோர் ஒளியாளிச் சுட்டிக்குச் செலவிடும் மேலதிகப் பணம் வீணாகாது. பாடசாலைகளுக்கும் சிறு கடைகளுக்கும் மலிவான கம்பிச் சுட்டியே தகும். ஆனால் அதனுடன் சில உதிரி ஆளிகளையும் வாங்கிக் காற்றுப் புகாத போத்தலில் வைத்துக்கொள்வதும், வேலை முடிந்தபின் சுட்டியை மூடி வைப்பதும் இன்றியமையாதவை.