சொல்லின்றி ஒலிக்கும் நாட்டார் பண்

நாட்டார் பாடலை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் சொல்லையே ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். பண்ணைக் குறிப்பவர் சிலரே. இதனால் நேரும் இழப்பு யாது என்பதை ஓர் இசைத்தட்டின் வாயிலாக ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ரை கூடரும் ஜெய்ப்பூர் விசுவமோகன் பட்டும் இணைந்து வாசித்த 'எ மீட்டிங் பை த ரிவர்', அஃதாவது 'ஆற்றங்கரைச் சந்திப்பு', கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் 1992 செப்டம்பரில் பதிவாயிற்று. 1993-இல் வெளிவந்து, 1994-இல் கிராமி விருதும் பெற்றது. இதனை உருவாக்கி வெளியிட்டவர் இலங்கையிற் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். இதன்கண் உள்ளவை நான்கே உருப்படிகள், பாடுவோர் எவருமிலர்.

பட்டின் 'மோகன வீணை', ஒத்ததிரும் தந்திகள் பன்னிரண்டு பூட்டித் திருத்திய கிதாரே ஆகும். அவர் அதனை மடியிற் கிடத்திக் கோலால் வழுக்கி வாசிப்பர். கூடர் விரலிற் செறித்த குழாயால் வழுக்கி வாசிப்பர். சுரத்திலிருந்து சுரத்திற்கு இடையறாது செல்லும் இவ்வழுக்கிசையே இருவர்க்கும் பொதுமொழி. மிடற்றிசைக்குரிய கமகம் இங்ஙனம் நரம்பிற்கும் கைவருகின்றது.

எனினும் நான்கும் ஒருதன்மைய அல்ல. 'கங்கைக் கழிமுக புளூஸ்' என்னும் உருப்படியில் இரு மரபுகளும் அருகருகே நிற்கின்றன. ஒன்றன்பால் ஒன்று முற்றக் கரைந்தில. இறுதியிலுள்ள 'இசா லெய்' பிஜித் தீவினரின் விடைபெறு பாடல். அஃது இருவர்க்கும் பிறந்த மண்ணினது அன்று. ஆதலின் தத்தம் புலமையைக் காட்டும் வேட்கை அடங்கி, பண்ணின் போக்கிற்கே இருவரும் பணிகின்றனர். இதனையே தொகுப்பின் சிறந்த பகுதியென யாம் கொள்கின்றோம். பிஜி மொழி அறியாதாரும் பிரிவின் ஆற்றாமையை இதில் உணர்வர்.

காவிரிக்கரை முசிறியின் பெயரைத் தாங்கிய சுப்பிரமணிய ஐயர் (1899–1975) நிரவலிற் பெயர்பெற்றவர். நிரவலிற் சொல் நிலைத்து நிற்க, இசை விரியும். ஈண்டோ சொல் முற்றும் நீங்கியபின்னும் மெட்டு நிலைத்து நின்று விரிகின்றது. இரண்டிடத்தும் உணர்ச்சியைச் சுமப்பது பண்ணே என்பது தெளிவு.

தொல்காப்பியர் 'பண்ணத்தி' எனப் பெயரிட்டபோதே பண்ணை முன்வைத்தார். நாமோ முசிறி வயல்களின் நடவுப்பாட்டையும் இழவுவீட்டின் ஒப்பாரியையும் எதுகை மோனைக்காகவே தொகுத்து அமைகின்றோம். பாடுவார் மறைந்தபின் ஏட்டிலுள்ள சொல்லைக்கொண்டு மெட்டை மீட்டல் அரிது. ஆதலின், களஆய்வு செய்யும் மாணாக்கர் ஒவ்வொரு பாடலுக்கும் ஒலிப்பதிவும் சுரக்குறிப்பும் சேர்த்தளித்தல் கடனாகும்.