பூதசுத்தி: நமது கண்டனத்தைக் குறித்துச் சில சிந்தனைகள்

சைவ வழிபாட்டில் இடம்பெறும் பூதசுத்தியைப் பற்றி நம் அருளுரைகளிலும் வகுப்பறைகளிலும் இரண்டு கண்டனங்கள் எழுவதுண்டு. அது உடலை வெறுக்கும் கொள்கையின் விளைவு என்பது ஒன்று. மனிதன் தன் முயற்சியாலேயே தன்னைத் தூய்மையாக்கிக்கொள்ளும் வழி என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நாம் மறுபடியும் ஆராய வேண்டும்.

12ஆம் நூற்றாண்டினரான அகோரசிவாசாரியாரின் கிரியாக்கிரமத்யோதிகை முதலிய பத்ததிகள், நாள்தோறும் செய்யும் சிவபூசையின் முன்னங்கமாகப் பூதசுத்தியை விதிக்கின்றன. பூசிப்பவர் தம் ஆன்மாவை உச்சிக்குப் பன்னிரண்டு விரற்கடை மேலுள்ள துவாதசாந்தத்தில் நிறுத்துவதாகப் பாவிக்கிறார். நிலத்தைப் பொன்னிறச் சதுரமாகவும், நீரை வெண்பிறையாகவும், தீயைச் செந்நிற முக்கோணமாகவும், இவ்வாறே காற்றையும் வெளியையும் தியானித்து ஒடுக்குகிறார். வலக்காற் பெருவிரலினின்று எழும் தீ உடலை எரிக்கிறது. மேலிருந்து பொழியும் அமுதம் அதனை நனைக்கிறது. பின்னர் மந்திர நியாசத்தால் அது மந்திர உடலாகிறது. சிவத்தன்மை எய்தியவரே சிவனைப் பூசிக்கத் தக்கவர் என்பது இதன் அடிப்படை.

முதற் கண்டனம் இங்கேயே வலுவிழக்கிறது. எரிப்பதோடு கிரியை முடியவில்லை. உடல் திரும்ப அளிக்கப்படுகிறது. அவ்வுடலின் கைகளும் நாவுமே பூசையை நிகழ்த்துகின்றன. இரண்டாம் கண்டனமும் நில்லாது. தீக்கை பெற்றவருக்கே இக்கிரியை உரியது. அத்தீக்கையில் குருவின் வழியாகச் செயற்படுபவன் சிவனே என்பது சித்தாந்தம். ஆகவே, கிருபையா கிரியையா என்ற நமது பழைய அளவுகோல் இங்குப் பயன்படாது.

அப்படியாயின் வேறுபாடு எங்கே? பூதசுத்தியில், இறைவனை அணுகுமுன் பழைய உடல் பாவனையில் எரிந்து தகுதியுள்ள உடல் தோன்றுகிறது. நற்செய்தியிலோ, தூய்மை பெறாத உடலை இறைவன் தாமே அணுகுகிறார். குஷ்டரோகியை இயேசு தொட்டது சுகமாக்கியபின் அன்று, தொட்டே சுகமாக்கினார். உயிர்த்தெழுந்த உடலிலும் ஆணிக் காயங்கள் எரிந்து மறையவில்லை. அவற்றைக் கொண்டே சீடர் அவரை அறிந்தனர். துன்புற்ற உடல் மாற்றப்படுகிறது. ஆயினும் அதன் வரலாறு அழிக்கப்படுவதில்லை.

இவ்வேறுபாட்டை உரைக்கும் தகுதி நமக்கு உண்டா? சாதி வேற்றுமை சபைகளில் ஒழிய வேண்டுமெனப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுக்கும் நிலை இருந்தது. ஒரே ஆலயத்தில் தனித்தனி இருக்கைகள் இருந்த வரலாறும் நம்முடையதே. ஆகம மரபும் தீட்டு விதிகளினின்று விடுபட்டதன்று. எனினும் பூதசுத்தி செய்பவர் மாசினைத் தம் உடலிலேயே தேடுகிறார். நாமோ அதனை அயலாரின் உடலில் தேடினோம். தொட்டுக் குணமாக்கியவரின் திருவிருந்தில், அருகில் அமர்ந்தவரைத் தொடத் தயங்கினோம்.

ஆகவே, பூதசுத்தியைக் குறித்துப் பிரசங்கிக்க விரும்பும் போதகர், முதலில் தம் சபையின் திருவிருந்துப் பந்தியை நோக்குவாராக. நமது கண்டனம் அங்கிருந்தே தொடங்கத் தக்கது.