பேஸ் கிட்டாருக்கு ஃபஸ்: மரபுகளும் அளவுகோல்களும்

ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடல் லீட் கிட்டார்காரரின் சொத்து என்றுதான் நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் நினைப்பு. பேஸ் வாசிப்பவர் அதைக் காலடியில் வைத்தால், "உனக்கு எதுக்குப்பா இது?" என்று கேட்கக் குழுவிலேயே நாலு பேர் இருப்பார்கள். ஆனால் அந்த ஒலி முதலில் பெயர் வாங்கியதே ஒரு பேஸில்தான். மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொர்ரி' 1961-ல் வெளிவந்தது. அதற்காக நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் வாசித்தபோது, மிக்ஸரின் ஒரு சேனல் பழுதாகி ஒலி கிழிந்து பதிவானது. அப்படியே வெளியிட்டார்கள், பாட்டு ஓடியது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தார். கிப்ஸன் நிறுவனம் அதை 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று கடைக்குக் கொண்டுவந்தது. ஃபஸ்ஸை உடம்புக்குள்ளேயே பொருத்திய பேஸ் கிட்டார் ஒன்றையும் அதே ஆண்டு விற்றது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' வந்து, லீட் கிட்டார் இதைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது 1965-ல்.

நம் காதுக்கும் இது ஒன்றும் அந்நியமில்லை. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஜீவாளி நூல் செருகுகிறோமே, அது எதற்கு? நூல் இல்லாத தம்புரா மொட்டையாக ஒலிக்கும். நூலை மயிரிழை நகர்த்தி இடம் கண்டுவிட்டால் ரீங்காரம் எழும்பி, மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். நடக்கும் விதம் வேறுதான்: அங்கே தந்தி குதிரையை உரசுகிறது, இங்கே டிரான்சிஸ்டர் ஒலி அலையின் தலையையும் காலையும் வெட்டுகிறது. இரண்டிலும் அடிப்படை ஒலியின்மேல் இசைவு அலைகள் ஏறி உட்காருகின்றன. தம்புராவில் எவ்வளவு ரீங்காரம் வந்தாலும் ஸட்ஜத்தை நாம் தொலையவிடுவதில்லை. பேஸுக்கு ஃபஸ் தேடுகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த ஒழுக்கத்தைத்தான்.

தொலைவது சுலபம். கிட்டாரின் கீழ்க் கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, பேஸின் கீழ்க் கம்பி 41-ல். கிட்டாரை மனதில் வைத்துச் செய்த பெடல்களில் பல, 80-க்குக் கீழே உள்ளதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. காலால் அமுக்கியதும் கரகரப்பு வரும், அடி போய்விடும். ஆனால் ஒரு லாபமும் உண்டு. திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைத் தராது. சாதா பேஸ் அதில் ஊமை. ஃபஸ் போட்ட பேஸோ 123, 205 என்று மேல் அலைகளை அள்ளித் தருவதால், குழாய் கொஞ்சமாவது பேசும். மேல் அலைகள் கேட்டால், விட்டுப்போன அடி ஸ்வரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

இனி மரபுகள். மூத்தது ஜெர்மானியம். மேஸ்ட்ரோ, 1965-ல் லண்டனில் கேரி ஹர்ஸ்ட் செய்த டோன் பெண்டர், 1966-ன் ஃபஸ் ஃபேஸ் எல்லாம் முதலில் இந்த டிரான்சிஸ்டரில் பிறந்தவை. மிருதுவான ஒலி, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு தானாக அடங்கும். இதற்கு ஆகாதது வெயில். சூடு 10 டிகிரி ஏறினால் ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஏ.சி. அறையில் சரிபார்த்த பெடல், திருப்பத்தூர் பூமாயி அம்மன் கோவில் வசந்தப் பெருவிழா போன்ற சித்திரை மாத மேடையில், மதியம் முழுக்கக் காய்ந்த பலகைமேல் கிடந்தால், மாலையில் துப்பும். போதாக்குறைக்கு, பழைய பாணி ஜெர்மானியப் பெடல்கள் பலவற்றுக்கு நேர்முனைதான் எர்த். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் தொடுத்தால் ஷார்ட் ஆகிவிடும். தனி பேட்டரி வேண்டும். எவ்வளவு புகழ்ந்தாலும் சரி, நம் ஊர்க் கோடை மேடைக்கு இந்த மரபை நான் சொல்லமாட்டேன்.

சிலிக்கான் வெயிலைத் தாங்கும். ஒலி இன்னும் கூர்மை, முரட்டுத்தனமும் அதிகம். ஃபஸ் ஃபேஸ் வழிவந்தவை எதுவானாலும் கிட்டாரை நேராக அதில் செருக வேண்டும். நடுவில் வயர்லெஸ் ரிசீவரோ பேட்டரி போட்ட பேஸோ வந்தால், பெடல் எதிர்பார்க்கும் மின்தடை கிடைக்காமல் கீச்சிடும்.

சிலிக்கானிலேயே தனி மடம் கட்டியது எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பிக் மஃப், 1969. நான்கு டிரான்சிஸ்டர், நடுவில் இரண்டு கட்டங்களில் டயோடு. அடி நன்றாகத் தங்கும். அதனால்தான் 1990-களில் ரஷ்யாவில் தயாரான சோவ்டெக் பச்சைப் பெட்டியைப் பேஸ்காரர்கள் தேடிப்பிடித்து வாங்கினார்கள். இதன் டோன் சுற்று 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியைக் குழித்துவிடும். கடையில் தனியாக வாசித்தால் மலை போல நிற்கும் ஒலி, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் எங்கே என்று தேட வைப்பது அதனால்தான். இதிலும் ஒரு நன்மை இருக்கிறது: பாடகர் குரலின் இடத்தில் இது மோதுவதில்லை. கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி நம் திருப்பத்தூருக்குப் பக்கத்து ஊர். பாட்டு வரி புரியாவிட்டால் இங்கே மேடையோரம் வந்தே சொல்லிவிட்டுப் போவார்கள். ஆகவே பாடகர் பாடும்போது குழித்த ஒலி, இடையிசையில் நடுப்பகுதி தூக்கிய ஒலி என்று பிரித்துக்கொள்பவர் கெட்டிக்காரர்.

மேல் ஸ்தாயி சேர்த்துத் தரும் ஆக்டேவ் ஃபஸ், சத்தத்தைக் கத்தரிபோல் அறுத்து நிறுத்தும் கேட் ஃபஸ் இரண்டும் வேடிக்கைக்கு நன்று. இரண்டு ஸ்வரம் சேர்த்து வாசித்தால் முன்னது குழம்பும். நீட்டி வாசித்தால் பின்னது பாதியில் வெட்டும்.

எனக்கு உகந்தது கலப்பு மரபு. அதாவது, சுத்தமான பேஸ் ஒலியைத் தனியே கடத்தி, கரகரப்போடு வேண்டிய அளவு கலப்பது. பீட்டில்ஸின் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' (1965) பாட்டில் பால் மெக்கார்ட்னியின் ஃபஸ் பேஸைப் புகழாதவர் இல்லை. அதன் அடியில் சாதா பேஸ் ஒன்றும் தனியாக ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிப்பவர் குறைவு. இன்றைக்குப் பேஸுக்கென்றே வரும் பெடல்கள் பலவற்றில், இப்படிக் கலக்க பிளெண்ட் குமிழ் இருக்கிறது. பேஸ் பிக் மஃபில் சுத்த ஒலியைச் சேர்க்க ஒரு சுவிட்ச் உண்டு. குமிழ் இல்லாத பெட்டியை, அது எவ்வளவு பழம்பெருமை பேசினாலும், பேஸ்காரர் இரண்டாவதாகத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடையில் சோதிக்கும்போது டிரம்ஸ் தடம் ஒன்றைப் போனில் ஓடவிட்டு, மேடையில் வாசிக்கும் பாட்டையே வாசியுங்கள். கீழ்க் கம்பியில் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பெடலை அமுக்கி, எடுத்து, மறுபடி அமுக்குங்கள். அடி அசையாமல் நிற்க வேண்டும். சத்த அளவும் ஏறி இறங்கக் கூடாது. ஆனால் எல்லாப் பாட்டுக்கும் ஃபஸ் தேவையில்லை: இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கிறது. அங்கே பெடல் பக்கம் கால் போகவே வேண்டாம்.

குமிழ் இல்லாத பெட்டியைத்தான் கைவிட முடியாது என்றால் வழி உண்டு. பேஸை இரண்டாகப் பிரித்து, ஒன்றை டி.ஐ. பெட்டி வழியாகச் சுத்தமாகவும் மற்றதை ஃபஸ் வழியாகவும் அனுப்புங்கள். மிக்ஸரில் ஒரு பேஸுக்கு இரண்டு சேனலா என்று சவுண்ட் சர்வீஸ்காரர் முகம் சுளிப்பார். ஆனாலும் கீபோர்டுக்குக் கொடுத்ததில் ஒன்றைப் பிடுங்கித் தந்துவிடுவார்.