கடல் கடந்த முகூர்த்தம்

சென்ற கார்த்திகையில் எனக்கு வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில், சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டுமென்ற வழக்கமான வாசகத்துக்குக் கீழே, பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தைப் படமெடுத்துப் பத்து நாளுக்குள் அனுப்பிவைக்கும்படி மற்றொரு வாசகமும் அச்சாகியிருந்தது. சுற்றத்தைக் கூவி அழைக்கிற வாயே அதே மூச்சில் அதைச் சல்லடையிலும் போடுகிறதே என்று தோன்றிற்று; ஆயினும் நண்பர் நெருங்கியவர், கல்யாணம் நடக்கவிருந்த தாய்லாந்தின் புக்கெட் தீவோ நான் காணாதது, ஆகையால் மறுவார்த்தை பேசாமல் அனுப்பிவிட்டேன்.

அந்நிய தேசத்துக்குப் போய் விவாகம் செய்துகொள்வது நம் காலத்துத் தனவந்தர்கள் கண்டுபிடித்த புதுமையன்று. 1753-ல் நிறைவேறிய ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் மறு ஆண்டு இங்கிலாந்தில் அமலுக்கு வந்து, இளவயதினர் பெற்றோரை மீறி மணந்துகொள்வதைக் கடினமாக்கியபோது, காதலர்கள் குதிரை வண்டியேறி எல்லையைக் கடந்து ஸ்காட்லாந்திலுள்ள கிரெட்னா கிரீன் என்னும் கிராமத்துக்கு ஓடினார்கள். இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் தாங்கள் தம்பதிகள் என்று சொன்னாலே அங்கே போதுமாக இருந்ததால், ஊர்க் கொல்லன் பட்டறை கல்யாண மண்டபமாயிற்று. 1856-ல் வந்த வேறொரு சட்டம், மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் வசித்திருக்க வேண்டுமென்று விதித்து அந்த ஓட்டத்துக்குத் தடை போட்டது. அவர்கள் பெரியவர்களிடமிருந்து தப்பிப்பதற்காகக் கடந்த எல்லையை இன்று பெரியவர்களே விமானச் சீட்டெடுத்துக் கொடுத்துக் கடக்க வைக்கிறார்கள்.

நம் தேசத்தில் 2017-ல் விராட் கோலி இத்தாலியின் டஸ்கனியிலும், 2018-ல் தீபிகா படுகோன் கோமோ ஏரிக்கரையிலும் மாலை மாற்றிக்கொண்ட பிறகு, இந்த ஆசை நட்சத்திரங்களிடமிருந்து மருத்துவர், கணக்காயர், மென்பொருள் உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு இறங்கிவந்து, இத்தாலி எட்டாதவர்களுக்குத் தாய்லாந்தாகவும் பாலித் தீவாகவும் உருமாறிக்கொண்டது. 2023 நவம்பரில் பிரதமர் வானொலியில் பேசியபோது, இக்கல்யாணங்களை இந்திய மண்ணிலேயே நடத்தலாகாதா என்று கேட்டார். பணம் வெளியே போகிறதென்ற அந்த ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வெளிநாட்டுக் காரும் கைக்கடிகாரமும் வாங்கும்போது கேளாத கேள்வியைக் கல்யாணத்தில் மட்டும் கேட்பானேன்? கேட்க வேண்டிய கேள்வி வேறு.

முதலில் குணத்தைச் சொல்வோம். விளம்பரக்காரர்கள் காட்டும் கடலையும் சூரியாஸ்தமனத்தையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஜாபிதாதான். உள்ளூர் மண்டபத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யும் கிரகஸ்தர், ஆயிரத்தைந்நூறு பேருக்குப் பத்திரிகை வைத்த பிறகும், விட்டுப்போன ஒரேயொரு பங்காளியின் கோபத்துக்குப் பத்து வருஷம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணம் புக்கெட்டில் என்று சொல்லிவிட்டாலோ, எண்பது பேருக்கு மேல் அழைக்காதது குற்றமாக இல்லாமல் பூகோளமாகிவிடுகிறது. அந்த எண்பது பேரும், மேடையேறிப் படத்துக்கு நின்று பந்திக்கு ஓடித் தாம்பூலப் பையோடு முக்கால் மணியில் மறைந்துவிடாமல், மூன்று நாள் சேர்ந்து உண்டு சேர்ந்து உலாவுகிறார்கள். முதல் நாள் விறைப்பாக வணக்கம் சொல்லிக்கொண்ட சம்பந்திகள் இருவர் மூன்றாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டாடியதை நானே பார்த்தேன். மாப்பிள்ளையின் தமையன் அமெரிக்காவிலும் பெண்ணின் அத்தை சிங்கப்பூரிலும் இருக்கிற குடும்பத்துக்கு எந்த ஊர் சொந்த ஊர், எது வெளியூர் என்ற நியாயமும் இருக்கிறது.

மொய்யும் ஒழிகிறது. மொய் நோட்டு என்பது நம் குடும்பங்களின் பேரேடு. இருபது வருஷமாகப் பிறர் வீட்டு மேடைகளில் எழுதிய தொகை திரும்பி வரும் நாளே தம் வீட்டு முகூர்த்த நாள். அந்தக் கணக்கைத் தாமாகவே மூடிவிடத் துணிகிறவரை நான் மெச்சுவேன். ஆனால், மொய் எழுதியவரோடு எழுத வேண்டியவரும் ஒருவர் இருக்கிறார். தம் மகள் கல்யாணத்தில் பெற்றதைத் திருப்பிச் செலுத்தக் காத்திருந்த மனிதருக்கு அந்த மரியாதை கிட்டாமலே போய்விடுகிறது.

ஏற்பாட்டின் சங்கடங்கள் பஞ்சாங்கத்திலேயே ஆரம்பமாகின்றன. புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நம் வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் அந்த மழைக்குள் விழுகின்றன. வானம் தெளிந்திருக்கும் மாதங்களிலோ மார்கழியை நாமே விலக்கிவிடுகிறோம். மிச்சமுள்ளவற்றில் தையும் மாசியும், குளிருக்கு அஞ்சிவரும் ஐரோப்பியர்கள் அறை வாடகையை உச்சாணிக்கு ஏற்றிவிட்ட மாதங்கள். வைகாசியிலேதான் என்று பிடிவாதமுள்ளவர்களுக்கு, அக்காலத்தில் மழை ஓய்ந்திருக்கும் பாலியே உத்தமம். லக்கினம் என்பது அந்தந்த ஊரின் கீழ்வானத்தில் அந்த ராசி உதயமாகும் நேரமாதலால், சென்னைக்குக் கணித்த மணியை வேற்றூர்க் கடிகாரத்தில் படிப்பதற்கும் இல்லை. நகை விஷயமும் உண்டு: புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்காத பெண், திரும்பி வருகையில் தன் கழுத்திலிருக்கும் சொந்த ஆரம் தன்னுடையதென்று வாதாட நேரலாம்.

எங்கள் புரோகிதர் விவரமானவர். தீவுக்கென்று தனியாக லக்கினம் கணித்துக்கொண்டே வந்திருந்தார். மண்டபத்துக்குள் புகை எழுந்தால் அபாய மணி அடித்துவிடுமென்று ஹோட்டல்காரர்கள் மறுத்ததால், ஹோமம் கடற்கரை மணலில், ஒரு தகரத் தட்டின்மேல் நடந்தது. சிவப்பு உருளையொன்றை அணைத்தபடி சிப்பந்தி ஒருவன், அக்கினி தேவனைக் கைது செய்ய வந்தவன்போல, பக்கத்திலேயே நின்றான். அம்மிக்குப் பதிலாகத் தோட்டத்து நடைபாதைக் கல் ஒன்று வந்து சேர்ந்தது. மாலைக்கு மட்டும் குறைவில்லை. அந்த நாட்டு மொழியில் மல்லிகைக்கு 'மலி' என்றும் மாலைக்கு 'மாலை' என்றுமே பெயர் என்று அறிந்தபோது எங்களில் பலருக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்ட பிரமை உண்டாயிற்று. நாதஸ்வரக் கோஷ்டியை அழைத்துப்போகக் கட்டுப்படியாகாமல், கெட்டிமேளத்தை ஒலிப்பதிவாகக் கொண்டுபோயிருந்தார்கள். புரோகிதர் விரலை உயர்த்தியதும் பொத்தானை அழுத்தும்படி ஒலிபெருக்கிக்காரப் பையனிடம் சைகையால் சொல்லிவைத்திருந்தது. அவர் நெய்க் கிண்ணத்தை நகர்த்தச் சொல்லி விரலை உயர்த்தினார். மேளம் இடியாக முழங்கிற்று. நாங்கள் எண்பது பேரும் ஒருவர்போல் அட்சதையைத் தூவினோம். தாலியோ தேங்காயின்மேல் அப்படியே இருந்தது. பிறகு மெய்யாகவே முடிச்சுப் போட்ட வேளையில் தூவுவதற்கு எவரிடமும் அட்சதை இல்லை, பையனும் வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றுவிட்டான். அலையோசையில்தான் தாலி ஏறிற்று.

சட்டத்தின் கண்ணில் அந்த மணல்மேடைக்கு அதிக மதிப்பில்லை. தாய்லாந்தில் விவாகம் செல்ல வேண்டுமானால், மணமக்கள் தங்கள் தூதரகத்தில் பெற்ற பத்திரங்களை அந்நாட்டு மொழியில் பெயர்த்து, அங்குள்ள வெளிவிவகார அமைச்சின் முத்திரை பெற்று, மாவட்ட அலுவலகத்தில் பதிய வேண்டும். எந்தச் சடங்கும் அதற்கு ஈடாகாது. நம்முடைய 1969-ஆம் ஆண்டு வெளிநாட்டு விவாகச் சட்டப்படி தூதரக அதிகாரியின் முன் மணப்பதென்றால், அறிவிப்புக் கொடுக்குமுன் மணமக்களில் ஒருவராவது 30 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும். மூன்று நாள் விருந்துக்குப் போகிறவர்களால் ஆகிற காரியமா? ஆகவே அனேகர் ஊரிலேயே சந்தடியில்லாமல் பதிவை முடித்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். என் நண்பர் வீட்டிலும் இரண்டு வாரம் முன்பே ஒரு சிறு கோயிலில் மஞ்சள் கயிறு ஏறி, கையெழுத்தும் ஆகிவிட்டதென்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

இங்கேதான் என் ஆட்சேபம் நிற்கிறது. சட்டபூர்வமான காரியம் வேறிடத்தில் முடிந்துவிட்ட பிறகு, கடற்கரைக் கல்யாணத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே அர்த்தம் சாட்சிதான். சுயமரியாதைத் திருமணங்களை அங்கீகரித்து 1967-ல் தமிழ்நாடு இந்து விவாகச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு, புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம் என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த இடத்தில்கூட, உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில் இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த முன்னிலையைத்தான் புக்கெட் கல்யாணம் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும், முழங்கால் வலி இல்லாதவர்களுக்கும், நான்கு நாள் விடுப்புக் கிடைக்கிறவர்களுக்கும் ஒதுக்கிவிடுகிறது. ஜாபிதாவைக் குறைத்ததை நான் குறை சொல்லவில்லை. எண்பதே பேர் வந்த கல்யாணம் உள்ளூரிலும் நடக்கலாம். ஆனால் அங்கே அந்த எண்பதை வீட்டார் தேர்ந்தெடுத்திருப்பார்கள். இங்கே விமானக் கம்பெனியும் குடியேற்ற அதிகாரியும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள்.

ஊர் திரும்பியபின், வரமுடியாதவர்களுக்காக மாம்பலத்தில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு வைத்தார்கள். ஆக, ஆள் குறைந்தால் செலவும் மிச்சமென்று சொல்லப்படும் வாதமும் அன்று மாலையோடு முடிந்தது. மேடைக்கருகே பெரிய திரையில் புக்கெட் படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நண்பர் தெருவில் வண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர், மணப்பெண்ணின் முதல் வகுப்புச் சீருடையிலிருந்து தேய்த்துக் கொடுத்தவர், வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக வந்து, பந்திக்குக் கூப்பிட்டும் போகாமல், தாலி கட்டும் கட்டம் வரும்வரை திரையின் முன்னாலேயே நின்றிருந்தார். படம் வெட்டி ஒட்டிய கெட்டிக்காரன் நெய்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கெட்டிமேளத்தையும் எங்கள் அட்சதை மழையையும் மூன்றாம் முடிச்சின்மேல் கொண்டுவந்து பொருத்தியிருந்தான். அவர் கையைக் கூப்பித் தம்மிடமிருந்த பூவைத் திரையை நோக்கித் தூவிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க நேர்லயே இருந்தீங்களாமே சார்! பாருங்க, சரியா முடிச்சு விழுற நேரத்துக்குக் கொட்டிட்டான் மேளத்தை" என்றார்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு அவரைப் பந்திக்கு அழைத்துக்கொண்டு போனேன்.